பாரம் ஏற்றிய பின் முடுக்கவும்

அக்டோபர் 6, திங்கள்

தினமும் கொஞ்சம் எழுத வேண்டுமாம். ஹெப்சிபா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து என் இடது கையையும் காலையும் இழுத்து மடக்கிப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிப் பெண். குன்னூர்க்காரி, முப்பது வயது இருக்கும். என்ன எழுதுவது என்று கேட்டேன். சாப்பிட்டது, செய்தது, எதுவானாலும் சரி என்றாள். முப்பத்து நான்கு வருடம் கோயமுத்தூர் கணபதியில் கார் சஸ்பென்ஷன் பட்டறை நடத்தியவன் நான். வாழ்நாளில் எழுதியதெல்லாம் ஜாப் கார்டு. இதுவும் அந்த லட்சணத்தில்தான் வரும்.

வண்டி: சென்னியப்பன். மாடல்: அறுபத்தொரு வருடப் பழசு. பழுது: ஆகஸ்ட் 2 காலை பல் தேய்க்கும்போது மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு. இடது கை, இடது கால் தளர்ந்துவிட்டது. பதினாறு நாள் ஆஸ்பத்திரி. தற்போதைய நிலை: கைத்தடியோடு நடக்கும். இடது கையை மேசைமேல் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கும்.

பெரிய டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இடது பக்கம் இருப்பதெல்லாம் என் கண்ணில் விழுமாம். ஆனால் மூளை அதைச் சட்டை செய்யாதாம். அங்கே ஒன்றுமே இல்லாத மாதிரி விட்டுவிடுமாம். எனக்கு இது ஒத்துவரவில்லை. கண் பரிசோதனை அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படித்தவன் நான். ஒரு பொருள் இருந்தால் தெரியும், இல்லாவிட்டால் தெரியாது. கருணா மட்டும் டாக்டர் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கருணா என்றால் கருணாம்பிகை, என் மனைவி. இப்போதுதான் எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் பக்கத்தின் பாதியிலிருந்து எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். ஓரம் விட்டு எழுதுவது அழகு என்றேன். நோட்டு வீணாகிறதே என்று அவளுக்குக் கவலை.

அக்டோபர் 7, செவ்வாய்

நான்கு இட்லி கேட்டேன், இரண்டுதான் வைத்தாள். தின்றுவிட்டு மீதி எங்கே என்றேன். தட்டை அரைவட்டம் திருப்பி வைத்துவிட்டுப் போனாள். இரண்டு இருந்தது. எப்போது வைத்தாளோ தெரியவில்லை.

அக்டோபர் 10, வெள்ளி

இன்று தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறை வரை போனேன். ஆகஸ்டுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பச்சை அப்படியே இருக்கிறது. பச்சை என்பது என் கார். 1962இல் இங்கிலாந்தில் செய்தது, திறந்த கூரை, இரண்டே சீட். வால்பாறையில் ஓர் எஸ்டேட் ஷெட்டில் கோழி அடைத்து வைத்திருந்தார்கள். வாங்கி இருபத்தேழு வருடம் ஆகிறது. ஊரான் காரையெல்லாம் சரிசெய்து அனுப்பியவனுக்கு இதைத் தொட நேரம் வரவில்லை. இஞ்சின், பிரேக், சீட் எல்லாம் முடிந்து, கடைசியாக முன்பக்க சஸ்பென்ஷனைப் பிரித்து வைத்திருந்தேன். அதற்குள் என்னைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள்.

ஜனவரி 18, ஞாயிறு அன்று பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கோத்தகிரி ஏறுகிறார்கள். வருடா வருடம் நடப்பது. வருடா வருடம் அவர்களுடைய போல்ட்டுகளை முடுக்கிக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று கையாட்டுவது என் வேலை. இந்த வருடம் ஜூன் மாதமே படிவம் கொடுத்துவிட்டேன். ஓட்டுபவர் சென்னியப்பன். உடன் வருபவர் கருணாம்பிகை. அந்தப் படிவத்தைத் திரும்ப வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை. கியர் போட இடது கை வேண்டும், கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். மூன்று மாதம் இருக்கிறது.

ஹெப்சிபாவிடம் சொன்னேன். கையும் காலும் வந்துவிடும் அங்கிள், ஜனவரியில் ஒரு பேப்பர் டெஸ்ட் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். கார் ஓட்டுகிறவனுக்கு எதற்குப் பேப்பர் டெஸ்ட்? ஆனால் கருணா அங்கேயே ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், ஹெப்சி சரி என்றால்தான் சாவி என்று.

அக்டோபர் 14, செவ்வாய்

குழிக்குள் யார் இறங்குவது என்பதுதான் பிரச்சினை. பட்டறை நடுவில் குழி இருக்கிறது. காரை அதன் மேல் நிறுத்திவிட்டு, உள்ளே நின்றபடி அண்ணாந்து வேலை செய்ய வேண்டும். ஐந்து படி. என்னை இறங்கவே கூடாது என்கிறாள் கருணா. ஆள் வைக்கலாம் என்றால் எவனையும் நம்ப முடியாது. போல்ட்டை அவசரப்பட்டு முடுக்கியதற்காகவே என் பட்டறையில் இரண்டு பேரை வேலையை விட்டு நிறுத்தியிருக்கிறேன்.

"நான் முடுக்குறேனுங்க. நீங்க மேல உக்காந்து சொல்லுங்க," என்றாள்.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் சொல்கிறாள், பம்பு கம்பெனியில் அவள் இருந்த இருபத்திரண்டு வருடத்தில் கடைசி ஒன்பது வருடம் கம்பி சுற்றும் வைண்டிங் இல்லையாம், அசெம்பிளி செக்கிங்காம். ஒரு நாளைக்கு நானூறு போல்ட்டை இறுக்கம் அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தவளாம். எனக்கு அவள் வைண்டிங் என்றே நினைப்பு. சொன்னேனே, நீங்கள்தான் காதில் வாங்கவில்லை என்றாள். இருக்கலாம். அப்போது பட்டறையில் வேலை அதிகம்.

அக்டோபர் 20, தீபாவளி

பக்கத்து வீட்டுக் குழந்தை என்னைப் பார்த்து, தாத்தா பாதி தாடி வைத்திருக்கிறார் என்று சிரித்தது. பிளேடு பழசு. கருணா உட்கார வைத்து இடது கன்னத்தை மழித்துவிட்டாள். சட்டையின் இடது கையையும் அவள்தான் மாட்டிவிட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

இன்று ஆர்ம்கள் ஏறின. சக்கரத்தையும் வண்டியையும் சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கைகள் அவை. ஒரு பக்கத்துக்கு நான்கு போல்ட், இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. ஒவ்வொரு போல்ட்டும் புஷ் என்கிற ரப்பர் வளையத்தின் வழியாகப் போகும். கருணா குழிக்குள், நான் மேலே ஸ்டூலில். அவளுடைய பழைய நைட்டி, தலையில் துண்டு, கையில் பதினேழாம் நம்பர் ஸ்பானர். கம்பெனிக்காரி மாதிரிதான் இருந்தாள்.

எட்டையும் கையிறுக்கத்தோடு நிறுத்தச் சொன்னேன். நட் கழன்று விழாத அளவுக்கு மட்டும். இப்போதே முடுக்கிவிட்டால் வேலை முடிந்ததே, எதற்கு இரண்டு வேலை என்றாள். எல்லாரும் கேட்பதுதான். எல்லாரும் செய்கிற தப்பும் இதுதான்.

வண்டி ஜாக்கியில் இருக்கும்போது சக்கரம் தொங்கும். தொங்குகிற நிலையில் போல்ட்டை முடுக்கினால் ரப்பர் அந்த நிலையைத்தான் தன் இயல்பு என்று பிடித்துக்கொள்ளும். ரப்பர் வழுக்காது, முறுக்கிக்கொள்ளும். அப்புறம் வண்டியைத் தரையில் இறக்கினால், சும்மா நிற்கும்போதே உள்ளே முறுக்கோடு நிற்கும். ஓடும்போது கேட்கவே வேண்டாம். ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் சக்கரம் தரையில் பட வேண்டும், சீட்டில் யார் யார் உட்காரப் போகிறார்களோ அவர்கள் எடை ஏற வேண்டும், முன்னும் பின்னும் உருட்டி, வண்டியின் மூக்கை நாலு தடவை அமுக்கி, அது தானாக ஒரு நிலைக்கு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் முடுக்க வேண்டும். முடுக்கியதற்கு அடையாளமாக நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு. கோயமுத்தூரில் என் மஞ்சள் கோட்டைப் பார்த்தால் யாரும் அந்த போல்ட்டில் ஸ்பானர் வைக்க மாட்டார்கள். இதைப் பெருமைக்காக எழுதவில்லை, உள்ளதைத்தான் எழுதுகிறேன்.

"அப்ப சொமையோட இருக்கறப்ப எப்படியோ, அதுதான் அதுக்கு நிலைங்கறீங்க," என்றாள் குழிக்குள்ளிருந்து. அதேதான் என்றேன். கம்பெனியில் அவர்களும் செக் செய்த போல்ட்டுக்கு மஞ்சள் வைப்பார்களாம். கோடு இல்லை, புள்ளி.

நவம்பர் 12, புதன்

இடது கை டம்ளரைப் பிடித்தது. தண்ணீர் இல்லாத டம்ளர். இருந்தாலும் பிடித்தது. ஹெப்சிபா கைதட்டினாள். கருணா அடுப்படிக்குப் போய்விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வெங்காயம் என்றாள். இன்று ரசம்தான், வெங்காயம் போட மாட்டாள்.

நவம்பர் 19, புதன்

செங்கல்லை மிதிக்கும் பயிற்சி. கிளட்ச் என்று நினைத்துக்கொண்டு இருநூறு தடவை மிதித்தேன். கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டது வேறு கதை. இந்த வீட்டில் கதவுகளெல்லாம் குறுகலாகிக்கொண்டே வருகின்றன.

நவம்பர் 27, வியாழன்

வண்டியை இறக்கினோம். இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாகப் பச்சை புது புஷ்ஷோடு நான்கு காலில் நிற்கிறது.

சீட்டுக்கு எடை வைக்க மணல் பைகள். பத்துக் கிலோ, ஐந்து கிலோ என்று சின்னச் சின்னதாகக் கட்டி, தராசில் நிறுத்து, கருணா ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தாள். அவள் எடை ஐம்பத்தைந்து. தன் எடையை மண்ணாகப் பார்ப்பதற்கு ஒரு மாதிரி இருக்கிறது என்றாள். ஓட்டுகிறவன் சீட்டுக்கு எழுபது வைக்கச் சொன்னேன். நீங்கள் இப்போது அறுபத்து நாலுதானே என்றாள். போன வாரம் ஆஸ்பத்திரியில் பார்த்தது. ஜனவரிக்குள் பழையபடி ஆகிவிடும், எழுபதே வை என்றேன். வைத்தாள்.

முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை அமுக்கி விட்டாயிற்று. முடுக்க வேண்டியதுதான் பாக்கி. நாளை மறுநாள் பொள்ளாச்சியில் அவள் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நாளைக்கு முழுக்கப் பலகாரம் சுடும் வேலை. ஞாயிற்றுக்கிழமை முடுக்கலாம் என்கிறாள். மூன்று நாள் போல்ட்டைக் கையிறுக்கத்தில் விட்டு வைப்பது என் வழக்கம் இல்லை.

நவம்பர் 29, சனி

காலை எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். குழிப்பக்கம் போகக் கூடாது என்று மூன்று தடவை சொன்னாள். ஹாட்பாக்சை மேசையின் வலப்பக்கம் வைத்திருப்பதாகவும் சொன்னாள்.

ஒன்பதரைக்கு இறங்கினேன். ஐந்து படிக்கு எட்டு நிமிடம். குழிச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டால் வலது கை ஒன்று போதும். டார்க் ரெஞ்சை நாற்பத்தைந்தில் வைத்துக்கொண்டேன். குறித்த இறுக்கம் வந்ததும் அது கிளிக் என்று சொல்லும், அதற்கு மேல் ஒரு நூல் கூடாது. முதல் போல்ட் கிளிக் என்றபோது நான்கு மாதமாக அடைத்திருந்த காது திறந்த மாதிரி இருந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமில்லை.

எட்டு கிளிக். எண்ணிக்கொண்டே வந்தேன். முதல் நான்கும் ஒழுங்காக முடுக்கு வாங்கின. அடுத்த நான்கும் ரெஞ்சை வைத்தவுடனேயே கிளிக் என்றுவிட்டன. கருணா அவற்றை அன்றைக்கே முடுக்கித் தொலைத்திருக்கிறாள். கையிறுக்கம் என்று அத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை. கம்பெனிப் பழக்கம். நல்லவேளை, வண்டி இறங்கி மூன்று நாளாகவில்லை, ரப்பருக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். எல்லாம் முடிந்த பிறகு பிரஷ்ஷை எடுத்து மஞ்சள் கோடு போட்டேன். கை நடுங்கவில்லை.

மேலே வரப் பதினைந்து நிமிடம் ஆனது. முழங்கை சிராய்ப்பு. இடது முழங்கை என்பதால் அவள் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

குழியில் இறங்கியதற்கு அவள் திட்டினாள், நான்கு போல்ட்டை முன்னாலேயே முடுக்கியதற்கு நான் திட்டினேன். கணக்குச் சரியாகப் போய்விட்டது. ஆனால் நான் சொன்னதற்கு அவள் மறுபேச்சே பேசவில்லை. எந்த நாலு என்று மட்டும் கேட்டாள். கடைசி நாலு என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கும்ங்க," என்றாள்.

அப்புறம் குழியைக் கூட்டுகிறேன் என்று விளக்குமாற்றோடு போனாள். ஒரு குழியைக் கூட்ட முக்கால் மணி நேரமா? நடுவில் கிளிக் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. பக்கத்துப் பட்டறை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிறான் போல.

டிசம்பர் 4, வியாழன்

ஹெப்சிபா ஒரு காகிதம் கொடுத்தாள். நட்சத்திரங்கள் நிறையச் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் பேனாவால் அடிக்கச் சொன்னாள். ஒன்றுவிடாமல் அடித்தேன். இதுவா டெஸ்ட் என்றேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கருணாவும் அவளும் வாசலில் நின்று ரொம்ப நேரம் பேசினார்கள்.

டிசம்பர் 5, வெள்ளி

இன்று சிவப்பு டேப் ஒரு சுருள் கொண்டுவந்தாள். இந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடது ஓரத்தில் சிவப்பாக ஒரு பட்டை ஒட்டிவிட்டாள். அந்தச் சிவப்பு தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்ப வேண்டும். தெரிந்த பிறகு எழுத ஆரம்பிக்க வேண்டும். தட்டில் ஒட்டினாள், கதவு நிலையில் ஒட்டினாள், கண்ணாடியில் ஒட்டினாள். கல்யாண வீடு மாதிரி இருக்கிறது.

முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எல்லாப் பக்கத்திலும் பாதி வெள்ளையாகக் கிடக்கிறது. ஓரம் விட்டேன் என்று நினைத்திருந்தேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

கூடத்தின் இடது சுவரில் ஒரு காலண்டர் மாட்டியிருக்கிறது. எப்போது மாட்டினாய் என்று கேட்டேன். "போன தை மாசமுங்க," என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

இடது கை கியர்க் குச்சியைப் பிடித்து முதல் கியருக்குத் தள்ளியது. இடது கால் கிளட்சை அடி வரை அமுக்கியது. இஞ்சினைப் போடாமல் உட்கார்ந்துகொண்டு இருபது தடவை பார்த்தேன். கேட்டதெல்லாம் வந்துவிட்டது. ஹெப்சிபாவிடம் காட்டினேன். கையையும் காலையும் பற்றி எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை அங்கிள் என்றாள். பின்னே என்ன என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 10, சனி

முடுக்கி ஒரு மாதம் கழித்து ஒரு தடவை கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம். கருணா காய் வாங்கப் போயிருந்தாள். இறங்கினேன். இந்தத் தடவை ஐந்து படிக்கு மூன்று நிமிடம்.

குழியின் இடது சுவரிலும் சிவப்பு டேப் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியிருப்பார்கள் என்று யோசிக்க ஒன்றும் இல்லை. பழக்கப்படி அது தெரிகிற வரைக்கும் தலையைத் திருப்பினேன். பிறகு அங்கிருந்து மெதுவாக வலப்பக்கம் வந்தேன்.

இடப்பக்கம் நான்கு போல்ட். நான்கிலும் மஞ்சள் புள்ளி. வலப்பக்கம் நான்கு போல்ட். நான்கிலும் மஞ்சள் கோடு.

ஒவ்வொன்றாகத் தொட்டு மறுபடியும் எண்ணினேன். அன்றைக்கு நான் எட்டு போல்ட்டை முடுக்கவில்லை. நான்கு போல்ட்டை இரண்டு தடவை முடுக்கியிருக்கிறேன். கடைசி நான்கு வைத்தவுடன் கிளிக் என்றது அதனால்தான். அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் விளக்குமாற்றோடு இறங்கி, கையிறுக்கத்தில் கிடந்த மீதி நான்கையும் முடுக்கிவிட்டு, என் கோட்டைப் போடாமல் தன் புள்ளியை வைத்திருக்கிறாள்.

அந்த நான்கும் அப்படியே இருந்து நான் மலை ஏறியிருந்தால் இரண்டாவது வளைவிலோ மூன்றாவதிலோ சக்கரம் தனி, நாங்கள் தனி. மஞ்சள் கோடு போட்டது நான். கோயமுத்தூரில் யாரும் அதன் மேல் ஸ்பானர் வைக்க மாட்டார்கள்.

ஜனவரி 11, ஞாயிறு

சொல்லியிருக்கலாமே என்றேன். காலையில் காபி கொடுக்க வந்தபோது. எதை என்று அவள் கேட்கவில்லை.

"சொன்னா நீங்க போல்ட்டத் தொட மாட்டீங்க. அப்புறம் எதுக்குங்க காலையில எந்திரிப்பீங்க?" என்றாள். சர்க்கரை போதுமா என்றும் கேட்டாள்.

என் கோட்டையே போட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காதே என்றதற்கு, தான் முடுக்கிய போல்ட்டுக்கு என் கோட்டைப் போட்டால் அது பொய்க் கையெழுத்து என்றாள். அசெம்பிளி செக்கிங்கில் ஒன்பது வருடம் இருந்தவள்.

ஜனவரி 15, பொங்கல்

கரும்பைக் கடித்தேன். இடது கடைவாயிலும்.

ஜனவரி 16, வெள்ளி

விடுமுறை நாளிலும் ஹெப்சிபா வந்தாள், எனக்காகத்தான். மறுபடியும் நட்சத்திரக் காகிதம். காகிதத்தின் ஓரத்தில் டேப் எதுவும் இல்லை. நேரம் எடுத்துக்கொண்டு, தலையைத் திருப்பித் திருப்பி அடித்தேன். இடது ஓரத்தில் ஐந்து விட்டுப்போனது. போன தடவை இடப்பக்கம் மொத்தமும் விட்டிருந்தேனாம். அந்தப் பழைய காகிதத்தை இன்றைக்குத்தான் காட்டினாள்.

"உக்காந்து நிதானமா பாத்தா வருது அங்கிள். இன்னும் வரும். ரோட்டுல அந்த நிதானத்துக்கு நேரம் கிடைக்காது. இந்த வருசம் நீங்க ஓட்டக் கூடாது."

ஐந்து நட்சத்திரத்துக்காக இருபத்தேழு வருடம் காத்திருந்ததை விட வேண்டுமா என்று அவள் போன பிறகு கருணாவிடம் கத்தினேன். போல்ட் வேறு, ஓட்டுவது வேறு என்றேன். ஓட்டுவது கைக்குப் பழகிய வேலை, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகலாம், காலையில் வண்டி நடமாட்டம் இருக்காது என்றேன். சாவியை எடுத்து வந்து மேசையின் வலப்பக்கம் வைத்தாள்.

"நீங்க ஓட்டுனா நான் பக்கத்துல உக்காருவேன். தனியா உட மாட்டேன். அவ்வளவுதான் நான் சொல்றது," என்றாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு சாவியைப் பையில் போட்டேன்.

ஜனவரி 17, சனி

காலை ஏழு மணிக்குப் பட்டறைக் கதவைத் திறந்து வைத்தேன். அவிநாசி ரோடு வரை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன். வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடியைச் சரிசெய்தேன். இஞ்சினைப் போட்டேன். ஒரே திருகில் பிடித்துக்கொண்டது. இடது கை கியர் மேல், இடது கால் கிளட்ச் மேல். எல்லாம் இருந்தது. அவள்தான் வரவில்லை.

ஹாரன் அடித்தேன். வீட்டு வாசல் எனக்கு வலப்பக்கம். திரை ஆடியது, ஆள் வரவில்லை. கருணா என்று கூப்பிட்டேன். மறுபடியும் ஹாரன். ஒரு சேலை மாற்ற இவ்வளவு நேரமா, மனுஷன் இங்கே பெட்ரோலை எரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று சத்தமாகவே சொன்னேன்.

"நான் உக்காந்து பத்து நிமிசமாச்சுங்க."

சத்தம் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

தலையைத் திருப்பினேன். இந்தப் பக்கம் சிவப்பு டேப் எதுவும் இல்லை, அதனால் எவ்வளவு திருப்புவது என்று தெரியவில்லை. திருப்பிக்கொண்டே போனேன். முதலில் கியர்க் குச்சிக்கு அந்தப்புறம் ஒரு வளையல் தெரிந்தது. அப்புறம் மடியில் ஃபிளாஸ்க். அப்புறம் அரக்குச் சேலை. அப்புறம் அவள் முகம். நான் ஏறும்போதே அங்கே இருந்திருக்கிறாள்.

பயந்துவிட்டேன். ஆகஸ்டில் பல் தேய்க்கும்போது விழுந்தேனே, அப்போதுகூட இப்படிப் பயம் இல்லை. டாக்டர் சொன்னதை, ஹெப்சிபா சொன்னதை, ஐந்து நட்சத்திரத்தை, நான்கு போல்ட்டை எல்லாம் தாண்டி வந்துவிட்டேன். கல்யாணமாகி முப்பத்தொரு வருடம். பச்சையில் உடன் வருபவர் உட்காரும் இடம் இடப்பக்கம் என்பது இன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

"நீங்களே பாப்பீங்கன்னு இருந்தேன்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

இஞ்சினை அணைத்தேன். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி என் வலது கையில் கொடுத்தாள். குடித்து முடித்துவிட்டு, மணல் பையெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"எதுக்குங்க?"

"எட்டு போல்ட்டையும் தளர்த்தணும். மூட்டைய இடம் மாத்தி வை. இடது சீட்டுக்கு அறுவத்து நாலு. வலது சீட்டுக்கு அம்பத்தஞ்சு."

அவள் உடனே இறங்கவில்லை. அறுபத்து நாலா, எழுபதா என்று கேட்டாள்.

"அறுவத்து நாலுதான், அம்மிணி," என்றேன்.

வண்டியைக் குழி மேல் அவளே ஓட்டி நிறுத்தினாள். பட்டறை வண்டிகளில் பழகி லைசென்ஸ் வாங்கியவள்தான். நான் வெளியே நின்று, ஸ்டீரிங்கை வலப்பக்கம் ஒடி, நேராக வா என்று கை காட்டினேன். பழைய மஞ்சளையெல்லாம் சுரண்டிவிட்டு, தளர்த்தி, பைகளை மாற்றி வைத்து, முன்னும் பின்னும் உருட்டி, மூக்கை அமுக்கி, மறுபடியும் முடுக்கினோம். இரண்டு பேரும் குழிக்குள். என் வலப்பக்கம் நான்கும் நான், இடப்பக்கம் நான்கும் அவள். எட்டு கிளிக். ஒன்பது கிலோ வித்தியாசத்துக்கு ரப்பர் ஒன்றும் கிழிந்துவிடாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் உட்காரப் போகிறவர்கள் உட்காரப் போகிறபடிதான் முடுக்க வேண்டும்.

அப்புறம் கோத்தகிரிப் பயணத்தை நடத்துகிறவருக்குப் போன் செய்து படிவத்தில் இரண்டு பெயரையும் மாற்றிப் போடச் சொன்னேன்.

ஜனவரி 18, ஞாயிறு

போய் வந்தோம். முன்பக்கத்தில் சத்தம் இல்லை. வளைவில் வண்டி சாயவில்லை. மூன்றாம் கியரை இரண்டு தடவை தவறவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

மலையை எல்லாரும் புகழ்ந்தார்கள். மலை எனக்கு இடப்பக்கமே இருந்திருக்கும் போல, அவ்வளவாக நினைவில்லை. கருணா வலப்பக்கம் இருந்தாள். போகும்போதும் வரும்போதும் முழுசாகத் தெரிந்தாள்.